முன்வரிசையில் அக்கா

எங்கள் பக்கத்தில் ஒரு புத்தகத்தை எழுதிவிடலாம். அதை வெளியிடுவதுதான் பெரும்பாடு. கல்யாணம் எடுப்பதற்கு உள்ள அத்தனை சடங்கும் அதற்கும் உண்டு, மாப்பிள்ளை மட்டும் இல்லை. மண்டபம் பிடிக்கவேண்டும், கார்ட் அடிக்கவேண்டும், கார்ட்டில் யார் பெயருக்கு மேலே யார் பெயர் வருவது என்று ஒரு கிழமை மண்டையை உடைக்கவேண்டும். பிரதம அதிதி, சிறப்பு அதிதி, கௌரவ அதிதி என்று மூன்று வகை. இவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் கௌரவ அதிதியாகப் போட்டவர் தன்னைச் சிறப்பு அதிதியாகப் போடவில்லை என்று கோபித்துக்கொண்டு வராமலே விட்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நாற்பத்தைந்து வயதில் எனக்கு முதல் நாவல் வந்தது. பிரதேச செயலகத்தில் வேலை பார்க்கிறவள் நான். இருபது வருடமாக எழுதியதெல்லாம் ‘தங்கள் மேலதிக நடவடிக்கைக்காக’ என்று முடிகிற கடிதங்கள்தான். அப்படிப்பட்டவள் இருநூற்று நாற்பது பக்கத்துக்கு ஒரு கதை எழுதி, அது கொழும்பில் அச்சாகி, நாலு பெட்டிகளில் பஸ்ஸில் வந்து இறங்கியபோது தெருவையே கூப்பிட்டுக் காட்டியிருக்கவேண்டும். நானோ பெட்டிகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, பழைய சீலையொன்றால் மூடிவிட்டு, குசினிக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். இருப்புக்கொள்ளவில்லை. அந்தக் கதை அக்காவுடையது. அக்காவிடம் நான் அதை இன்னும் சொல்லியிருக்கவில்லை.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அப்பா ஒருநாள் வேலைக்கென்று வாழைச்சேனைக்குப் போனார், திரும்பி வரவில்லை. அந்தச் சண்டைக்காலத்தில் அப்படித் திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர். பிறகு அக்கா இருபது வயதில் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். நாலு வருடம் இருந்தாள். அவள் அனுப்பியதில்தான் எங்கள் வளவில் ஒரு கல்வீடு எழும்பியது. பிற்காலத்தில் அது எனக்குச் சீதனமாயிற்று. அக்காவுக்குக் கல்யாணம் சரிவரவில்லை. அம்மாவின் பழைய வீட்டில் அவள் இருக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறு. காலையில் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் உடுப்புத் துவைக்கிற லோன்றிக்கு வேலைக்குப் போய் மாலையில் வருவாள்.

அந்த நாலு வருடத்தைப் பற்றி அவள் வாய் திறந்ததே இல்லை. அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு சுட்ட தழும்பு இருந்தது. பேப்பர்களில் வருகிற செய்திகளை நானும் வாசிப்பவள்தானே. தழும்பையும் மௌனத்தையும் செய்திகளையும் சேர்த்து நான் கதையை முடிவுசெய்துவிட்டேன். என் நாவலில் வருகிற பெண்ணைப் பூட்டிவைக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள், ஸ்திரிக்கைப் பெட்டியால் கையில் சுடுகிறார்கள். அவள் நொந்து நூலாகி ஊருக்கு வருகிறாள். எழுதும்போது நான் பல நாள் அழுதேன். அழுதபடியே எழுதியதால் அது உண்மையாகத்தான் இருக்கவேண்டும் என்றும் நினைத்தேன்.

ஒரே வளவில் இருந்தாலும் கார்ட்டைக் கையில் கொடுத்துச் சொல்லவேண்டும் என்பது எங்கள் முறை. கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா கையைத் துடைத்துவிட்டு வாங்கி, என் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். என்ன கதை என்று கேட்டாள். ஒரு பொம்பிளையைப் பற்றியது என்றேன். சரி என்று கார்ட்டைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நான் மண்டபத்துக்குக் கதிரை போதாமல் இருக்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

என்னுடைய கணக்கு இதுதான். விழா முடியட்டும். அக்கா கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். வேலையால் வந்து களைப்போடு ஒரு நாளைக்கு நாலு பக்கம் வாசித்தாலும், குவைத் வருவதற்கு ஒரு மாதம் ஆகும். அதற்கிடையில் ஓர் ஆறுதலான நாள் பார்த்து, பக்கத்தில் இருந்து, பக்குவமாகச் சொல்லிவிடுவேன். இப்படி எல்லாவற்றையும் யோசித்த நான் நயவுரையை மறந்துபோனேன்.

நயவுரை என்றால் என்னவென்று எங்களூரில் ஒரு வெளியீட்டு விழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பேசுபவர் புத்தகத்தைப் பற்றிப் பேசமாட்டார், புத்தகத்தையே பேசிவிடுவார். முதல் அத்தியாயத்தில் பிடித்தால் கடைசி அத்தியாயத்தில்தான் இறக்கிவிடுவார். யார் சாகிறார்கள், யார் யாரைக் கட்டுகிறார்கள் எல்லாம் வெளியே வரும். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் புத்தகத்தைத் திறக்கவேண்டிய அவசியமே இராது. எத்தனை விழாக்களில் நானே கீழே இருந்து கொட்டாவி விட்டிருக்கிறேன். என் விழாவிலும் அதுதான் நடக்கும் என்பது ஏனோ மண்டையில் ஏறவில்லை. அக்காவை முன்வரிசையில் இருத்தியதும் நான்தான். என்னை ஆளாக்கியவள் முன்னால் இருக்கவேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வாழைச்சேனையில். விளக்கேற்றினார்கள், வரவேற்றார்கள், புத்தகத்தை அவிழ்த்து உயர்த்திப் பிடித்தார்கள். சிறப்புப் பிரதி வாங்குகிறவர்களின் பெயரைக் கூப்பிட்டார்கள். அக்காவையும் கூப்பிட்டார்கள். அவள் படியேறி வந்து இரண்டு கையாலும் வாங்கினாள். அந்தப் படம் முகநூலில் இருக்கிறது. அக்கா சிரிக்கிறாள், நான் வேறெங்கோ பார்க்கிறேன்.

பத்து நிமிடம் கழித்து நயவுரை. பேசியவர் ஓய்வுபெற்ற அதிபர். எங்கள் பிரதேசத்தில் வந்த புத்தகங்களில் பாதிக்கு மேல் அவர்தான் நயந்திருப்பார். அன்றைக்கு அவருக்கு நல்ல குரல். தகப்பன் காணாமல்போன வீட்டிலிருந்து தொடங்கினார். மூத்தவள் விமானம் ஏறினாள். ‘சேர், போதும்’ என்று துண்டு எழுதி அனுப்பலாமா என்று பார்த்தேன். பேனா கையில் இருந்தது, எழுத வரவில்லை. ஸ்திரிக்கைப் பெட்டிக் கட்டத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கைலேஞ்சியால் துடைத்தார். சபை உச்சுக்கொட்டியது. சபையில் இருந்தவர்கள் வேற்றூர் ஆட்களா? எந்த வீட்டுப் பெண் எந்த வருடம் வெளிநாடு போனாள் என்று விரல்விட்டுச் சொல்லக்கூடியவர்கள். இரண்டாம் வரிசையில் இருந்த ஒருத்தி எட்டி அக்காவின் கையைப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். அக்கா சீலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். அவள் முகம் மேடையைப் பார்த்தபடியே இருந்தது, அசையவில்லை.

அந்தத் தலைப்பை அவள் இழுத்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஏற்புரைக்கு ஒன்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன், இரண்டு பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். சபை அதை உணர்ச்சிப்பெருக்கு என்று எடுத்துக்கொண்டு பலமாகக் கைதட்டியது.

வீட்டுக்கு ஒரே ஓட்டோவில்தான் வந்தோம். இறங்கும்போது அக்கா, மிஞ்சிய சாப்பாட்டுப் பார்சல் ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்த இரண்டை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த ஆறு கிழமையும் நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. புத்தகத்தைப் பரப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் வளவில் நிற்க முடியாமல்தான் ஓடினேன். வாழைச்சேனைப் புத்தகக் கடையில் பத்துப் பிரதி கொடுத்தேன். முதலாளி அதைப் பஞ்சாங்கத்துக்கும் கடந்தகால வினாத்தாள்களுக்கும் நடுவில் செருகிவைத்தார். நான் தினமும் வேலைவிட்டு வரும்போது எழுதும் கொப்பி வாங்குகிற சாட்டில் உள்ளே போய், ஒருவரும் பாராத நேரம் என் புத்தகத்தை முன்னுக்கு இழுத்து வைப்பேன். அடுத்த நாள் அது பின்னுக்குப் போயிருக்கும். வீட்டில் கொப்பிகள் குவிந்தன. பாடசாலைகளில் பேசினேன். வெளிநாட்டிலிருந்து ஒரு வாசகர் வட்டம் சூமில் கூப்பிட்டது. பேசத் தொடங்கிய ஐந்தாம் நிமிடம் கரண்ட் போயிற்று, நான் இருட்டில் இருந்து இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். முகநூலில் யார் என்ன எழுதினார்கள் என்று பிரதேச செயலாளரின் கூட்டத்திலும் மேசைக்குக் கீழே பார்த்தேன். எல்லோரும் எழுதியது ஒன்றுதான்: அந்த அக்காவை நினைத்து அழுதோம்.

இங்கே நிஜ அக்கா கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருப்பாள். நான் ஜன்னலால் பார்ப்பேன். பேசுவாள், பேசாமல் இல்லை. தேங்காய் இருக்கிறதா, மோட்டர் ஏன் சத்தம் போடுகிறது, இவ்வளவுதான். விழாவுக்கு அடுத்த கிழமை அவள் இரண்டு நீளக்கைச் சட்டை தைப்பித்தாள். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அயலில் உள்ள பெண்கள் பலகாரம் கொண்டுவந்து கொடுத்து, அவள் தோளைத் தடவிவிட்டுப் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்களூர் வாய் இரக்கப்படவும் தொடங்கிவிட்டால் பிறகு அதன் கையையும் மூட முடியாது. அக்கா பலகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் ஓம், ஓம் என்றாள். ஒவ்வொரு நாளும் இன்றைக்குப் போய்ச் சொல்லிவிடுவோம் என்று புறப்படுவேன். கிணறுவரை போவேன், ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு திரும்புவேன். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் தண்ணீருக்குக் குறைவே இல்லை.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஓட்டமாவடியிலிருந்து ஒரு மாதர் சங்கம் என்னைப் பேசக் கூப்பிட்டது. ஒரு புதன்கிழமை காலை, இருபது பேரளவில் வந்திருந்தார்கள். அதிகம் பேர் அரபு நாடுகளில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள். மேடை இல்லை, நயவுரை இல்லை, கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். தேத்தண்ணியும் ரொட்டியும் தந்தார்கள். நான் வழக்கமாகப் பேசுவதைப் பேசினேன், ஒருத்தரும் உச்சுக்கொட்டவில்லை. பிறகு ஒரு பெண், அறுபது வயதிருக்கும், மடியில் என் புத்தகத்தை வைத்திருந்தவர், பக்கங்களுக்கு நடுவில் பஸ் டிக்கெட்டுகளைச் செருகி அடையாளம் வைத்திருந்தார், என்னைப் பார்த்துக் கேட்டார்.

“தங்கச்சி, கத நல்லம். ரெண்டு தரம் வாசிச்சன். நாங்க பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும், அத நான் இல்லெண்டு சொல்லல்ல. ஆனா இந்தப் புள்ள நாலு வருசத்தில ஒருக்காக்கூடச் சிரிக்கல்லியே. அது எப்பிடி? நாங்க சிரிச்சும் இரிக்கம். நீங்க ஆருக்கிட்டயாவது கேட்டுத்தான் எழுதினயளா?”

மற்றப் பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி தன் வீட்டுக்காரியின் பூனையைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் கற்பனை என்று சொன்னேன். அவர் ஓம் என்று புத்தகத்தை மூடினார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, மேலும் ஒரு ரொட்டி எடுத்துத் தந்தார். எனக்கு அது இறங்கவில்லை. ஆருக்கிட்டயாவது கேட்டீங்களா? முப்பது வருடம் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியிருக்கிறேன். ஒருநாள்கூட நான் கேட்கவில்லை.

அரை நாள் லீவுதான் போட்டிருந்தேன். கந்தோருக்குப் போகவில்லை. நேரே பாசிக்குடாவுக்கு ஓட்டோ பிடித்தேன். அக்கா வேலை செய்கிற இடத்துக்கு அதுவரை நான் போனதே இல்லை. ஹோட்டலின் முன்பக்கம் கடலும் பூங்காவும். லோன்றி பின்பக்கம், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், தகரக் கூரையும் சூடும் சவர்க்கார மணமுமாக. காவலாளியிடம் சொல்லி உள்ளே போனேன். அக்கா ஒரு பெரிய பெட்ஷீட்டைத் தனியாக மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட மடிக்கிற பெண் அன்று வரவில்லையாம். என்னைக் கண்டதும் யாருக்கு என்ன என்று பதறினாள். ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை என்றேன். அப்படியானால் அந்தப் பக்கத்தைப் பிடி என்றாள்.

பிடித்தேன். இரண்டு நுனியையும் இழுத்து, உதறி, பாதியாக மடித்து, நடந்து போய் அவள் கையில் கொடுக்கவேண்டும். மூன்று ஷீட் முடிந்தது. நாலாவதில் நான், “அக்கா, அங்க என்ன நடந்த உங்களுக்கு?” என்று கேட்டேன்.

அவள் மடிப்பை நிறுத்தவில்லை. “இப்பயா கேக்கிற?” என்றாள்.

பிறகு தழும்பைப் பற்றிச் சொன்னாள். வீட்டுச் சின்னப்பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் போட்டாளாம். அடுப்புக்குள்ளிருந்து தட்டை எடுத்தபோது பிடிதுணி வழுக்கிக் கையில் பட்டுவிட்டது. வீட்டுக்காரி தானே மருந்து போட்டு, இரண்டு கிழமை பாத்திரம் கழுவ விடவில்லை. கேக் போடப் பழக்கியதும் அவள்தான். வேலை நிறைய, தூக்கம் குறைய, அது வேறு. ஆனால் அக்காவுக்கென்று ஓர் அறை இருந்தது, உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவோடு. வீட்டுக்காரியின் தங்கைக்கு ஒரு கேக் கடை இருந்தது. அங்கே வேலைக்கு எடுக்கிறோம், இன்னும் நாலு வருடம் நில் என்று கேட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் அவள் பெட்ஷீட்டைப் பார்த்தபடியே சொன்னாள். நான் நுனியைப் பிடித்தபடி நின்றேன்.

“நான் அங்க சந்தோசமா இருந்தன்,” என்றாள். “அத எந்த வாயால சொல்லுற? நீங்க இஞ்ச ஷெல்லடிக்கும் சுத்திவளைப்புக்கும் பயந்து கிடக்கக்குள்ள, நான் நல்லா இருந்தன் எண்டு வந்து சொன்னா ஊர் காறித் துப்பாதா? அதான் பேசாம இருந்தன்.”

அவளுக்கு என்மேல் கோபம் இருந்தது. அதையும் சொன்னாள். கதையை எழுதியதற்கு அல்ல. அந்த ஹோட்டலில் அவளைவிட நன்றாக அயன் பண்ணுகிற ஆள் இல்லை. பெரிய கல்யாணங்கள் வந்தால் மணப்பெண்ணின் உடுப்பை அவளிடம்தான் கொடுப்பார்கள். என் நாவலைப் பற்றிக் கேள்விப்பட்ட மேற்பார்வையாளர், பெட்டியைக் கண்டால் அவளுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வரும் என்று இரக்கப்பட்டு, அவளை மடிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார். புதிதாக வந்த ஒருத்தி இப்போது அயன் பண்ணுகிறாள், இரண்டு சட்டையை எரித்தும்விட்டாளாம். நீளக்கைச் சட்டை எதற்கென்றால், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள்கூட அவள் கையைப் பார்த்துக் கண் கலங்குகிறார்களாம்.

ஆனாலும் கேட்டேன். “அவ்வளவு விருப்பமெண்டா ஏன் வந்தீங்க?”

அப்போதுதான் அவள் என்னை நேராகப் பார்த்தாள். “நீதானே கடிதம் போட்ட.”

நான் அந்தக் கடிதத்தை மறந்திருந்தேன் என்று எழுதினால் அது பொய். மறக்கவில்லை, எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்தேன். எனக்குப் பதினைந்து வயது. சாதாரண தரப் பரீட்சை வருகிறது. அம்மா வயலுக்குப் போய்விடுவாள், சமையலும் தண்ணீரும் கோழியும் என் தலையில். அக்கா இருந்தால் இதெல்லாம் அவள் செய்வாள், நான் படிக்கலாம் என்று நினைத்தேன். அதை அப்படியே எழுதியிருந்தால் அவள் வந்திருக்கமாட்டாள். அம்மா படுத்த படுக்கை என்று எழுதினேன். பின்னேரமானால் வாசற்படலையைப் பார்த்துக்கொண்டு ‘என்ட மூத்தவள் வாறாளா’ என்று கேட்கிறாள், தைப்பொங்கல்வரை தாங்கமாட்டாள் என்று எழுதினேன். அம்மா அதற்குப் பிறகு பதினாறு வருடம் இருந்தாள். அக்கா வந்த அன்று அம்மா கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாளாம்.

“மூணு தரம் வாசிச்சன். மூணு தரமும் அழுதன்,” என்றாள் அக்கா. “வீட்டுக்கார மதாமும் கூட இருந்து அழுதாள், தமிழ் தெரியாமலே. உன்ட புத்தகத்தையும் போன கிழம முடிச்சிட்டன். அழுகை வரல்ல. கடிதம்தான் நல்லா எழுதின நீ.”

நான் அழத் தொடங்கினேன். சனிக்கிழமை மட்டக்களப்பில் அறிமுக விழா இருக்கிறது, அங்கே மேடையில் ஏறி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், கடிதத்தையும் சொல்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் அடுத்த ஷீட்டை எடுத்து ஒரு நுனியை என் கையில் தந்தாள்.

“அதையும் சொல்லிக் கைதட்டு வாங்கப் போறியா?”

மீதி ஷீட்டுகளையும் மடித்து முடித்தோம். அவள் சொன்னது சரி. அந்த மேடையும் அந்தச் சபையும் என் கண்ணுக்குள் ஏற்கனவே வந்துவிட்டிருந்தன. எங்கே குரல் தழுதழுக்கும் என்றுகூட எனக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை அக்கா லீவு போட்டுக்கொண்டு வந்தாள். கட்டைக்கைச் சட்டை போட்டிருந்தாள். நான் கேளாமலே முன்வரிசையில் இருந்தாள். நயவுரை செய்தவர் வேறொருவர், ஆனால் கதை சொல்லாமல் விடுவாரா? சொன்னார். ஸ்திரிக்கைப் பெட்டியில் வழக்கம்போல நிறுத்தி, தண்ணீர் குடித்தார். என் முறை வந்தபோது நான் எழுந்து, வந்தவர்களுக்கு நன்றி சொன்னேன். இந்தக் கதையில் வருகிறவளை நான் ஒரு தரமும் சிரிக்க விடவில்லை என்றேன். அது அவள் வாழ்க்கையின் குறை அல்ல, நான் கேட்காமல் எழுதியதன் குறை, வாசிப்பவர்கள் அதை மனதில் வைத்து வாசியுங்கள் என்றேன். பெட்டியால் ஒருவரும் சுடவில்லை என்றும் சொன்னேன். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏற்பாட்டாளர்களுக்குப் பெரிய ஏமாற்றம். தன் புத்தகத்தைத் தானே குறை சொல்லுகிற எழுத்தாளரை அவர்கள் கண்டதில்லை. கைதட்டு சும்மா பேருக்கு விழுந்தது. அன்று விற்றது மிகக் குறைவு.

ஹோட்டலில் போய் மேற்பார்வையாளரிடமும் பேசினேன். என் மேடைப்பேச்சு ஒன்றும் இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. அக்கா இப்போது திரும்ப அயன் பண்ணுகிறாள்.

இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். ஒரு மாதம் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை அன்று, எழுது, ஆனால் ஒருத்தருக்கும் காட்டுவதற்கு முதல் எனக்கு வாசித்துக் காட்டு என்றாள். அவள் வீட்டு முற்றத்தில் இருந்து வாசித்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டு கேட்டாள். அதிபரைப் பற்றிய இடத்தில் சிரித்தாள். கடிதம் வந்த இடத்தில் நான் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன், அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மா கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள் என்று வாசித்தபோது கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

“நீ அப்ப பள்ளிக்கூடத்தில. உனக்கு இது தெரியா,” என்றாள். “என்னக் கண்டதும் அம்மா, ஏன் மகள் வந்த நீ எண்டுதான் கேட்டா. அப்பதான் எனக்கு விளங்கிச்சு. நான் உன்னக் காட்டிக் குடுக்கல்ல. சும்மா, உங்களப் பாக்க ஆசையா இருந்திச்சு, வந்திட்டன் எண்டு சொன்னன். அம்மா சாகும்வர அத நம்பிக்கொண்டுதான் இருந்தவ. அதையும் எழுது.”